அகேடியா: ஒரே நிலம், மூன்று பெயர்

1929 ஜனவரி 19 அன்று அமெரிக்காவில் ஒரு சின்னச் சட்டம் நிறைவேறியது. அதில் இரண்டு விஷயங்கள்தான் முக்கியம். மெய்ன் மாநிலக் கடற்கரையில் இருக்கும் லாஃபயெட் தேசியப் பூங்கா இனி அகேடியா தேசியப் பூங்கா என்று அழைக்கப்படும். அந்தப் பூங்கா இனிமேல் தீவை விட்டு வெளியே, பெருநிலத்திலும் நிலம் பெற்றுக்கொள்ளலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி தெரிகிற இந்த இரண்டும் ஏன் ஒரே சட்டத்தில் வந்தன என்று கேட்டால் கதை பிடிபட்டுவிடும். பெயர் மாற்றம் விலை, நிலம் சரக்கு.

லாஃபயெட் என்ற பெயரும் அப்படியொன்றும் பழையதில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் வைத்தது. அதற்கும் மூன்று வருஷம் முன்னால் அதே நிலத்துக்கு இன்னொரு பெயர் இருந்தது. ஆக 1916 முதல் 1929 வரை, பதின்மூன்றே வருஷத்தில், அரசாங்க ஏட்டில் மூன்று பெயர்கள். ஒவ்வொரு தடவையும் பெயரைக் காட்டி ஒரு காரியம் முடித்தார்கள். என்ன காரியம், யாரிடம் முடித்தார்கள் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

பெமெட்டிக் முதல் மோன் தெசேர் வரை

இடத்தை முதலில் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன். அதன் கரை நெடுகப் பாறைமுனைகள், தீவுகள், இடையிடையே கடல் உள்ளே புகுந்த கழிகள். தீவுகளிலேயே பெரியது மௌன்ட் டெசர்ட். அதன் கருங்கல் மலைகள் கடலோரத்திலிருந்தே எழும்பி நிற்கின்றன. உயர்ந்த மலைக்கு 1,530 அடிதான். எண்ணாகப் பார்த்தால் பெரிய உயரமில்லை. ஆனால் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையை ஒட்டி இதைவிட உயரம் கிடையாது.

இந்தத் தீவுக்கு இங்கத்திய பழங்குடிகளான வபனாகி மக்கள் வைத்திருந்த பெயர் பெமெட்டிக். மலைத்தொடர், சரிந்த நிலம் என்றெல்லாம் பொருள் சொல்கிறார்கள். வபனாகி என்பதற்கே விடியல் நாட்டு மக்கள் என்று பொருள். வெறும் அலங்காரப் பெயர் இல்லை அது. அக்டோபர் தொடக்கம் முதல் மார்ச் தொடக்கம் வரை அமெரிக்காவில் சூரியனை முதலில் பார்ப்பது இந்தத் தீவின் உச்சிதான்.

1604 செப்டம்பரில் சாமுவேல் ஷாம்ப்லேன் என்ற பிரெஞ்சுக்காரர் சின்னக் கப்பல் ஒன்றில் இந்தப் பக்கம் வந்தார். தீவை நெருங்கும்போது தண்ணீருக்கடியில் இருந்த பாறையில் மோதி, கப்பலின் அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. அதை அடைத்துக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. அண்ணாந்து பார்த்தால் வரிசையாக ஏழெட்டு மலைகள், உச்சியில் மரம் மட்டை எதுவும் இல்லாத வெறும் பாறை. மொட்டை மலைகளின் தீவு என்ற பொருளில் ‘ஈல் தே மோன் தெசேர்’ என்று குறித்துக்கொண்டார். அந்தத் தெசேர்தான் பிறகு ஆங்கிலத்தில் டெசர்ட் ஆனது. இன்றைக்கும் தீவுக்காரர்களில் பலர் அதைப் பாலைவனத்தைச் சொல்வதுபோல் சொல்வதில்லை, சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இனிப்பைச் சொல்வதுபோல் பின்னசையை அழுத்திச் சொல்கிறார்கள். அந்த உச்சரிப்பில் பிரெஞ்சின் மிச்சம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

ஷாம்ப்லேன் வந்தது இன்னொருவரின் கீழ். பியேர் துகுவா, பட்டப்பெயர் சியூர் தெ மோன், அதாவது மோன் என்னும் இடத்தின் பிரபு. பிரான்ஸின் நான்காம் ஹென்றி மன்னர் 1603-ல் இவருக்கு ஒரு சாசனம் கொடுத்திருந்தார். வட அமெரிக்கக் கரையில் 40-வது அட்சரேகையிலிருந்து 46-வது வரை எல்லாம் இவர் பொறுப்பு. அந்த நிலப்பரப்பின் பெயர் சாசனத்தில் ‘லா காடி’. அகேடியா என்ற சொல்லின் வேர் இங்கேதான். முதல் குடியேற்றம் படு தோல்வி. செயின்ட் குரோய் ஆற்றிலிருந்த ஒரு குட்டித் தீவில் 79 பேர் குளிர்காலத்தைக் கழித்தார்கள். வசந்தம் வந்தபோது 35 பேர் செத்துப்போயிருந்தார்கள்.

சரி, காடி எங்கிருந்து வந்தது? இதற்கு இரண்டு பதில் உண்டு. ஒன்று, 1524-ல் இத்தாலிய மாலுமி வெராசானோ இதே அட்லாண்டிக் கரையில், வெகு தெற்கே, மரங்கள் அழகாயிருந்த ஓரிடத்துக்குக் கிரேக்கக் கவிதைகளில் வரும் ஆனந்த பூமியான ‘ஆர்காடியா’வின் பெயரைச் சூட்டினார். வரைபடக்காரர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்ததில் அந்தப் பெயர் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்ந்தது. வழியில் எங்கேயோ ‘ர்’ உதிர்ந்துவிட்டது. இன்னொன்று, மிக்மாக் என்ற பழங்குடியினரின் மொழியில் ‘அகாடி’ என்றால் ஒரு பொருள் மிகுதியாகக் கிடைக்கும் இடம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இன்றும் ஷுபெனகாடி என்று ஊர் இருக்கிறது. பாசமகுவாடி என்ற பழங்குடியின் பெயரில் வரும் ‘குவாடி’யும் இதன் உறவுதான். என்னைக் கேட்டால், வரைபடத்தில் இருந்த பெயரும் கரையில் காதில் விழுந்த சொல்லும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்ததால்தான் பெயர் நிலைத்திருக்க வேண்டும்.

அடுத்த நூற்றைம்பது வருஷத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1613-ல் பிரெஞ்சு ஜெசுவிட் பாதிரிமார்கள் தீவில் செயின்ட் சாவ்யோர் என்ற மிஷனைத் தொடங்கினார்கள். சில வாரங்களிலேயே வர்ஜீனியாவிலிருந்து சாமுவேல் ஆர்கல் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வந்து அதை நாசம் பண்ணிவிட்டார். 1713 ஒப்பந்தத்தில் அகேடியாவின், பிரெஞ்சில் சொன்னால் அக்காடியின், பெரும்பகுதி பிரிட்டன் கைக்குப் போனது. 1755 தொடங்கி அங்கே வாழ்ந்த பிரெஞ்சு உழவர்களைப் பிரிட்டிஷ் படைகள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் துரத்தின. அவர்களில் பலர் கடைசியில் லூசியானாவில் ஒதுங்கினார்கள். அக்காடியான் என்பது தேய்ந்து காடியன் ஆகி, அப்புறம் கேஜன் ஆனது அங்கேதான். இந்தத் துரத்தலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்பி வர வேண்டியிருக்கும்.

நிலம் சேர்த்த கிழவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவியர்கள் இந்தத் தீவைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் வரைந்ததைப் பார்த்துக் கோடைவாசிகள் வந்தார்கள், அவர்களைப் பார்த்துப் பணக்காரர்கள் மாளிகை கட்டினார்கள். கூடவே மரம் வெட்டுகிறவர்களும் வந்துசேர்ந்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் சார்ல்ஸ் எலியட்டின் மகன் நிலவெளி வடிவமைப்பாளர். கரையோர அழகிடங்களைப் பொதுவாக்க வேண்டும் என்று எழுதிவந்தவர், 1897-ல் 37 வயதில் இறந்துபோனார். மகனின் காகிதங்களைப் படித்த அப்பா 1901-ல் தீவிலிருந்த சிலரைக் கூட்டி ஒரு அறக்கட்டளையைத் தொடங்கினார். நோக்கம் எளிது. நல்ல இடங்களைத் தானமாகவோ விலைக்கோ வாங்கிப் பொதுமக்களுக்காக வைத்திருப்பது.

அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் டார். பாஸ்டன் துணி வணிகக் குடும்பத்துச் சொத்து, கல்யாணம் ஆகவில்லை, வேறு வேலையும் இல்லை. அடுத்த நாற்பது வருஷம் இதுவே அவர் பிழைப்பாகிவிட்டது. 1908-ல் ஒரு பெண்மணி தேன்கூடு என்று பெயர்கொண்ட மலையையும் பக்கத்துச் சுனையையும் தானமாகக் கொடுத்தார். அதற்கப்புறம் டார் நிற்கவில்லை. எந்த மலை யார் பட்டாவில் இருக்கிறது, எந்த வாரிசு எந்த ஊரில் இருக்கிறார் என்று தேடித் தேடி வாங்கினார். கையிலிருந்த காசு தீர்ந்ததும் அடுத்தவர் காசையும் சேர்த்துக்கொண்டார்.

1909-ல் அவர் வாங்கியது ஒரு ஊற்று. அதற்குச் சியூர் தெ மோன் ஊற்று என்று பெயர் வைத்தார். பக்கத்துப் பாறையில் எழுத்து வெட்டச் சொன்னார். ‘அகேடியாவின் இனிய நீர்’ என்பது அதன் பொருள். இந்த வழக்கில் நான் மிக முக்கியமாக நினைக்கும் தடயம் இதுதான். பூங்காவுக்கு அந்தப் பெயர் சட்டப்படி கிடைப்பதற்கு இருபது வருஷம் முன்பே டாரின் தலைக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது.

1913-ல் ஆபத்து வந்தது. அறக்கட்டளைக்குக் கொடுத்திருந்த வரிவிலக்கு உரிமையை ரத்து செய்ய மெய்ன் சட்டமன்றத்தில் முயற்சி நடந்தது. டார் ஓடிப்போய் அதைத் தடுத்துவிட்டார். ஆனால் இன்றைக்குத் தப்பித்தது அடுத்த சட்டமன்றத்தில் தப்பும் என்று யார் உத்தரவாதம் தருவது? நிலத்தை மத்திய அரசிடம் ஒப்படைத்துவிடுவதே பாதுகாப்பு என்று முடிவெடுத்து வாஷிங்டனுக்குக் கிளம்பினார்.

முதல் பெயர்: சட்டத்துக்காக

தேசியப் பூங்கா ஆக்க வேண்டுமானால் காங்கிரஸ் சபை வாக்களிக்க வேண்டும். கிழக்கு அமெரிக்காவில் அப்போது ஒரு தேசியப் பூங்காகூடக் கிடையாது. பணக்காரர்களின் கோடைத் தீவுக்கு யார் வாக்களிப்பார்கள்? ஆனால் 1906-ல் வந்த தொல்பொருள் சட்டம் ஒரு குறுக்குவழி வைத்திருந்தது. வரலாற்று மதிப்போ அறிவியல் மதிப்போ உள்ள இடத்தைக் குடியரசுத் தலைவரே ஒரு பிரகடனத்தில் ‘தேசிய நினைவுச்சின்னம்’ ஆக்கலாம். தனியார் தானமாகத் தரும் நிலத்தையும் அதற்காக வாங்கிக்கொள்ளலாம்.

ஆகவே வரலாறு தேவைப்பட்டது. பெயரே வரலாறாக இருந்துவிட்டால் இன்னும் நல்லது. 1916 ஜூலை 8 அன்று குடியரசுத் தலைவர் வுட்ரோ வில்சன் ஏறத்தாழ 5,000 ஏக்கரைச் ‘சியூர் தெ மோன் தேசிய நினைவுச்சின்னம்’ என்று அறிவித்தார். ஷாம்ப்லேன் வந்ததும், அவர் தெ மோனின் அதிகாரத்தில் வந்ததும் பிரகடனத்திலேயே காரணமாக எழுதப்பட்டிருக்கிறது. மலையழகைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் சட்டம் கேட்டது அதை இல்லை. டார் காப்பாளர் ஆனார். சம்பளம் மாதம் ஒரு டாலர்.

வாயில் நுழையாத பெயர் என்பது வேறு விஷயம். அஞ்சல் அட்டையில் எழுதவே ஒரு அமெரிக்கர் திணறியிருப்பார்.

இரண்டாவது பெயர்: போருக்காக

நினைவுச்சின்னத்துக்குப் பணம் ஒதுக்குவது அரிது, பூங்காவுக்குத்தான் ஒதுக்குவார்கள். டார் மறுபடி வாஷிங்டன் படியேறினார். 1918-ல் வந்த மசோதாவில் பெயர் ‘மௌன்ட் டெசர்ட் தேசியப் பூங்கா’ என்றிருந்தது. உள்ளூர் பெயர், நேர்மையான பெயர். அது நிற்கவில்லை. 1919 பிப்ரவரி 26 அன்று வில்சன் கையெழுத்திட்டபோது பெயர் ‘லாஃபயெட் தேசியப் பூங்கா’. அதே நாளில்தான் கிராண்ட் கேன்யனும் தேசியப் பூங்காவானது. அப்போதிருந்த தேசியப் பூங்காக்களில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்தது இது ஒன்றுதான்.

அமெரிக்கச் சுதந்திரப் போரில் வந்து சண்டை போட்ட பிரெஞ்சுப் பிரபு லாஃபயெட். இந்தத் தீவுக்கும் அவருக்கும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் காலத்தைப் பாருங்கள். 1917-ல் அமெரிக்கா முதல் உலகப்போரில் பிரான்ஸோடு சேர்ந்து இறங்கியது. அந்த ஜூலை 4 அன்று பாரிஸில் லாஃபயெட்டின் சமாதியில் நின்று ஒரு அமெரிக்க அதிகாரி “லாஃபயெட், நாங்கள் வந்துவிட்டோம்” என்று சொன்னது நாடு முழுக்கப் பரவியிருந்தது. பிரான்ஸுக்காகப் பறந்த அமெரிக்க விமானிகளின் படைப்பிரிவுக்கும் அவர் பெயர்தான். அந்த நேரத்தில் லாஃபயெட் என்று பெயர் வைத்த மசோதாவை எதிர்த்துப் பேச எந்த உறுப்பினருக்குத் துணிச்சல் வரும்?

இது நல்ல தந்திரம், ஆனால் பலவீனமான பெயர். போர்க்கால உணர்ச்சி வடிந்ததும் பெயருக்குக் கீழே நிலமே இல்லை.

மலைகளும் தப்பவில்லை

இதே காலத்தில் டார் தீவின் மலைப் பெயர்களையும் மாற்றிக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் தலைமுறையாகச் சொல்லிவந்த பெயர்கள் எல்லாம் எளிய பெயர்கள்: பச்சை மலை, வறண்ட மலை, நாய் மலை, ராபின்சன் மலை. பச்சை மலை காடிலாக் ஆனது. நியூபோர்ட் மலை ஷாம்ப்லேன் ஆனது. நாய் மலை செயின்ட் சாவ்யோர் என்ற புனிதப் பெயர் பெற்றது. ராபின்சன் மலை அகேடியா மலையானது. வறண்ட மலைக்குப் போர் விமானிகளை நினைத்துப் ‘பறக்கும் படைப்பிரிவு மலை’ என்று வைத்தார்கள். அது பின்னாளில் டார் பெயரிலேயே வழங்கலாயிற்று. 1918-ல் தீவின் பெரிய ஊரான ஈடனும் பெயர் மாறிப் பார் ஹார்பர் ஆனது. ஒரே சமயத்தில் ஊரும் மலையும் பூங்காவும் பெயர் மாறினால் அஞ்சல்காரர் பாடு என்ன ஆகியிருக்கும்!

ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். நாய் மலை என்பது அங்கே பிழைத்தவன் வைத்த பெயர், செயின்ட் சாவ்யோர் புத்தகத்திலிருந்து எடுத்த பெயர்.

காடிலாக் விஷயம் இன்னும் ருசிகரமானது. 1688-ல் பிரெஞ்சு ஆளுநரிடமிருந்து இந்தத் தீவை மானியமாகப் பெற்றவர் அவர். பிற்பாடு டெட்ராய்ட் நகரத்தை நிறுவியவரும் அவரே, அதனால்தான் அந்தக் காருக்கும் அவர் பெயர். ஆனால் அவருடைய நிஜப் பெயர் அந்துவான் லோமே, ஒரு வழக்கறிஞரின் மகன். ‘சியூர் தெ காடிலாக்’ என்ற பிரபுப் பட்டம் கடல் கடந்து வந்தபின் தானே சூட்டிக்கொண்டது. ஆக, அமெரிக்க அட்லாண்டிக் கரையின் உயர்ந்த மலை, சொந்தமாக ஜோடித்த பெயர் ஒன்றைச் சுமந்து நிற்கிறது. அந்தப் பெயரால் தீவில் காரியமும் நடந்தது. அமெரிக்கா சுதந்திரம் பெற்றபின் 1780-களில் அவருடைய பேத்தி வந்து தாத்தாவின் மானியத்தைக் காட்டி நிலம் கேட்டார். மெய்ன் அப்போது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பகுதி. அந்த மாநிலம் தீவின் கிழக்குப் பாதியைக் கொடுத்துவிட்டது.

மூன்றாவது பெயர்: ஸ்கூடிக்குக்காக

தீவுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் விரிகுடா என்று பெயர்கொண்ட கடற்பரப்பைத் தாண்டினால் பெருநிலத்திலிருந்து நீண்டிருக்கும் ஒரு பாறைமுனை. பெயர் ஸ்கூடிக். அலை நேராக வந்து அறையும் இடம். மெய்னில் பிறந்து வால் ஸ்ட்ரீட்டில் சம்பாதித்த ஜான் மூர் இந்த முனையில் பெரும்பகுதியை வாங்கிவைத்துவிட்டு 1899-ல் இறந்தார். 1920-களில் டார் அந்த 2,000 ஏக்கர் சொச்சத்தின் மீது கண் வைத்தபோது அது மனைவி, மகள்கள் கையில் இருந்தது. அவர்களோ இங்கிலாந்துப் பக்கம் சாய்ந்துவிட்ட குடும்பம். மகள் ரூத்தின் கணவர் ஆர்தர் லீ, பிரிட்டிஷ் அரசியல்வாதி. பிரிட்டிஷ் பிரதமர்கள் இன்றும் ஓய்வெடுக்கப் போகும் செக்கர்ஸ் மாளிகையை நாட்டுக்குத் தானமாகக் கொடுத்த தம்பதி இவர்கள்தான்.

நிலம் தர அவர்களுக்குத் தடையில்லை. தடை பெயர்தான். பிரிட்டனுக்கு எதிராகப் போரிட்ட பிரெஞ்சுக்காரன் பெயர் சொல்லும் பூங்காவுக்கு எங்கள் நிலமா என்று கேட்டார்கள். இன்னொரு சிக்கல், 1919 சட்டப்படி பூங்கா தீவுக்கு வெளியே நிலம் வாங்க முடியாது. எப்படியும் காங்கிரஸிடம் போயாக வேண்டும். போகிறதுதான் போகிறோம், பெயரையும் மாற்றிவிடலாம் என்றானது. டார் எடுத்துக் கொடுத்த பெயர் அகேடியா. ஊற்றோரப் பாறையில் வெட்டிவைத்த அதே பெயர்.

இப்போது அந்த 1755-ஐ நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சுப் பெயர் வேண்டாம் என்ற ஆங்கிலப் பற்றுள்ள குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது லாஃபயெட்டைவிடப் பிரெஞ்சு மணம் மிகுந்த பெயர். பிரெஞ்சு மன்னரின் சாசனத்தில் இருந்த பெயர், பிரிட்டிஷ் படை துரத்தியடித்த மக்களின் பெயர். ஆனாலும் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். லாஃபயெட் என்றால் ஒரு முகம் தெரியும், கையில் வாள் இருக்கும். அகேடியா என்றால் முகம் இல்லை, காடும் கடலும் மூடுபனியும் தெரியும். துரத்தப்பட்டவர்கள் வெகு தூரத்தில் இருந்தார்கள், ஆட்சேபிக்க வரப்போவதில்லை. முதல் பெயருக்குச் சட்டம் வேண்டியிருந்தது, இரண்டாவதற்குப் போர். மூன்றாவதற்கு யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி தோன்றும் ஒரு சொல் போதும். அதனால்தான் அது நூறு வருஷம் தொடப்போகிற வரைக்கும் நிலைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

பெயர் நிலைத்த பிறகு

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜான் ராக்ஃபெல்லர் ஜூனியர் மோட்டார் கார்கள் நுழையாத குதிரைவண்டிப் பாதைகளை 1913 முதல் 1940 வரை போட்டார், பூங்காவுக்குள் மட்டும் 45 மைல். கூடவே ஏறத்தாழ 11,000 ஏக்கர் தானம். பாதையோரத்தில் விளிம்புக்கு நட்ட கருங்கற்களுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘ராக்ஃபெல்லரின் பற்கள்’. எந்தச் சட்டமும் பிரகடனமும் இல்லாமல் ஒட்டிக்கொண்ட பெயர். 1947 அக்டோபரில் பெரிய காட்டுத்தீ. 17,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது, பூங்காவில் மட்டும் 10,000. பணக்காரர் வீதியின் மாளிகைகள் பல சாம்பலாயின. ஸ்ப்ரூஸ் மரம் இருந்த இடங்களில் பிர்ச்சும் ஆஸ்பனும் முளைத்தன. இன்று இலையுதிர்காலத்தில் மஞ்சள் பார்க்க வரும் கூட்டம் பார்ப்பது அந்தத் தீயின் மிச்சத்தைத்தான்.

டார் அதைப் பார்க்கவில்லை, 1944-லேயே போய்விட்டார். கடைசிக் காலத்தில் கண் பார்வை ஏறக்குறைய இல்லை, கையில் சொத்தும் பெரிதாக இல்லை. அவர் வீட்டையும் பூங்காவுக்கே கொடுத்துவிட்டார். அரசு அதைப் பிற்பாடு இடித்துவிட்டது.

இத்தனை பெயர் மாற்றங்களிலும் வபனாகி மக்களிடம் மட்டும் யாரும் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை. தீவு முழுவதற்கும் வழங்கிய பெமெட்டிக் இன்று ஒரே ஒரு மலைக்குச் சுருங்கிவிட்டது. டார் ஜோர்டன் மலையைப் பெனோப்ஸ்காட் என்று மாற்றியதையும் கணக்கில் எடுக்கலாம், ஆனால் அதுவும் ஒரு வெள்ளைக்காரர் தேர்ந்தெடுத்த வபனாகிப் பெயர்தான். வபனாகிப் பெண்கள் கூடை முடையக் கரையோரத்தில் பறித்துவந்த வாசனைப்புல், பூங்கா எல்லைக்குள் வந்ததும் பறிக்கக் கூடாத செடியாகிவிட்டது. பழங்குடிகள் பூங்காக்களில் செடி சேகரிக்க ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று விதி வந்தது 2016-ல்.

அந்தப் பாறைமுனை மட்டும் பெயர் மாறாமல் அப்படியே நிற்கிறது. லாஃபயெட்டைக் கீழே இறக்கச் சொன்ன குடும்பம் ஸ்கூடிக் என்ற சொல்லை மாற்றச் சொல்லவில்லை. அது வபனாகி மொழியிலிருந்து வந்தது.